முழங்காலுக்குக் கீழே

மூன்று நாட்டு ராணுவங்களிடம் நான் அடி வாங்கியிருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அதுதான் என் உத்தியோகம். மதுரை ரிங் ரோட்டில் ‘அரண்’ என்று ஒரு கம்பெனி. பட்டாளத்துக்காரர்களின் கைச்சண்டையை எடுத்துச் சாதாரண ஜனங்களின் உடம்பில் ஏற்றி விற்கிறது. ஏற்றியது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க யாராவது போய்க் கழுத்தைப் பிடிக்க வேண்டும், பின்னாலிருந்து கட்டிப் பிடிக்க வேண்டும், ரப்பர் கத்தியால் குத்த வேண்டும். அந்த யாராவது நான்தான். பெயர் பாண்டிச்செல்வி. ஒரு காலத்தில் மாநிலத்துக்காக ஜூடோ ஆடியவள். இப்போது மாதச் சம்பளத்துக்கு விலா எலும்பைக் காட்டிக்கொண்டு நிற்கிறவள்.

ஏற்றுவது என்றால் பெரிய ஆபரேஷன் ஒன்றும் கிடையாது. பிடரியில் தோலுக்கடியில் விரல்நகம் அளவுக்கு ஒரு பட்டை. எங்கோ ஒரு நாட்டில் வருஷக்கணக்கில் பயிற்சி எடுத்த சிப்பாயின் அனிச்சைகள் அதிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும். சில மாதங்களில் தசைக்குள் ஊறிவிடும். அப்புறம் யாராவது கையை ஓங்கினால் நீங்கள் யோசிக்கவே வேண்டாம். சுடுபாத்திரத்தில் பட்ட விரல் எப்படித் தானாக விலகுமோ, அப்படி உங்கள் முழங்கை தானாகப் போய் அவன் தாடையைப் பெயர்க்கும். ஊறியதை அழிக்க முடியாது. அதன் மேல் வேறொன்றைச் சேர்க்கலாம், அவ்வளவுதான்.

நாடுகளின் பெயரை வெளியே சொல்லக் கூடாதென்று ஒப்பந்தம். அதனால் ஆபீசில் எல்லோரும் மணல், பனி, தீவு என்று செல்லப்பெயர் வைத்துக் கூப்பிட்டோம். இந்த மூன்றில் எது நம் தெருவுக்கும் வீட்டுக்கும் உதவும் என்று ஒப்பிட்டுச் சொல்லும் பொறுப்பு எனக்கும் எஞ்சினியர் ஃபெலிக்ஸுக்கும். ஒல்லிப்பிச்சான், என்னைவிடப் பத்து வயது சின்னவன், மூளை மட்டும் எக்கச்சக்கம். நான் அடி வாங்குவேன், அவன் குறித்துக்கொள்வான்.

நான் இதில் உயிரைக் கொடுத்து உழைத்ததற்குக் கம்பெனி மேலுள்ள பாசம் காரணமில்லை. மண்ணாங்கட்டிப் பாசம். என் தங்கச்சி அழகுமீனா இருந்தாள். அவள் புருஷன் கதிரேசன் இரும்புத் தோசைக்கல்லால் அவள் கணுக்காலை உடைத்தவன். கல்யாணமான நாளிலிருந்து கைநீட்டியவன், கடைசியில் காலை உடைத்தபோதுதான் நாங்கள் கேஸ் போட்டோம். போன வேகத்தில் ஜாமீனில் வந்துவிட்டான். “அடுத்த தடவை கால் இல்ல, கழுத்து” என்று என் வீட்டுக்கே ஆள் விட்டுச் சொன்னான். மீனா என் வீட்டில்தான் இருந்தாள். வாசலில் பைக் சத்தம் கேட்டால் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். அவளை உயிரோடு வைத்திருக்க வேண்டும். எனக்கு வேறெந்த யோசனையும் இல்லை.

“மணல்தான்க்கா பெஸ்ட்,” என்றான் ஃபெலிக்ஸ். “பட்டு பட்டுன்னு நாலு சாத்து. எதிராளி முழிக்கிற நேரத்துல ஓடிரு. பின்னாடி கேஸு கீஸுன்னு எதுவும் வராது.”

“யாரு ஓடுறது? மீனாவா? படி இறங்கவே அவ செவுத்தைப் பிடிக்கணும். பாதிப் பாடம் ஓட்டம்னா அவளுக்கு எதுக்குடா அது?”

“அப்ப பனி. ஒடம்பைத் தளர விட்டு, அடியை உள்வாங்கி, அவன் வேகத்தாலயே அவனைச் சாய்க்கிறது. பாக்க டான்ஸ் மாதிரி இருக்கும்.”

“மொத அடியை வாங்கணுமா?”

“லேசா.”

“அவ வாங்குனது போதும். அடுத்ததைச் சொல்லு.”

அவன் தலையைச் சொறிந்தான். “தீவு இருக்கு. சின்ன உருவம், கைக்கெட்டுற தூரம், ஒடுங்கின எடம். அங்க ஆளுங்க எல்லாம் நம்ம ஊரு சைஸுதான். குடிசைக்குள்ள, காட்டுக்குள்ள சண்டை போட்டுப் பழகினவங்க. அடுப்படிக்கு அதை மாதிரி வேற இல்ல. ஆனா...”

“என்ன ஆனா?”

“பட்டாளத்துக்காரனுக்குச் சண்டை முடிஞ்சா போலீஸ் ஸ்டேஷன் கெடையாதுக்கா. எதிராளி செத்தா மெடல். நம்ம பொம்பளைக்கு எதிராளி செத்தா ஜெயிலு. தற்காப்புக்கும் பட்டாளத்துக்கும் அங்கதான் ஒட்டாது. மணலும் பனியும் ஒரு எடத்துல நிக்கப் படிச்சது. தீவுக்கு ‘போதும்’னு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல. மேல நாங்க கடிவாளம் போட்டிருக்கோம், எதிராளி மல்லாந்துட்டா நின்னுரும். அதுக்கு முந்தி கை எங்கிட்டுப் போகும்னு நான் கேரண்டி தர மாட்டேன்.”

“கதிரேசனுக்கு எதுக்குடா கேரண்டி? அவன் என்ன ஃபிரிட்ஜா?” என்றேன். ஃபெலிக்ஸ் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

மீனாவுக்குத் தீவுதான் ஏற்றினோம். ஊறுவதற்குள் பங்குனி போய்ச் சித்திரையும் போனது. வைகாசியில் ஒரு நாள் சோதனைக் கூடத்தில் அவளை நிறுத்தி, சொல்லாமல் கொள்ளாமல் பின்னாலிருந்து அவள் கழுத்தை வளைத்தேன். என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது. கண் திறந்தபோது மெத்தையில் கிடந்தேன், தோள்பட்டை எலும்பு விலகியிருந்தது. மீனா பக்கத்தில் உட்கார்ந்து, “ஐயோ அக்கா, நான் இல்லக்கா, சத்தியமா நான் இல்லக்கா” என்று அழுதுகொண்டிருந்தாள். கொசுவை அடிக்கக்கூட யோசிக்கிற பிள்ளை. நானும் அழுதேன். வலியில் இல்லை, சந்தோஷத்தில். வரட்டும் அவன், வந்து பார்க்கட்டும் என்று அவன் காதுக்குக் கேட்கும்படி கத்த வேண்டும் போலிருந்தது.

அவன் வந்தான். ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை இட்லி வேளையில், அம்மாவையும் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு சமாதானம் பேச வந்தான். வழக்கு விசாரணைக்கு வரப் போகிறது, அதுதான் பயம். அவனும் சித்தப்பாவும் வாசலுக்கு வெளியே பைக்கில் சாய்ந்து நின்றுகொண்டார்கள். உள்ளே வந்தது அவன் அம்மா ராஜாத்தி அத்தை.

அந்த அம்மாளைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்ல என் வாய் வராது. மகன் அடித்த இடங்களுக்கு ஒத்தடம் கொடுத்தது அவர்தான். தோசைக்கல் விழுந்த அன்று மீனாவை ஆட்டோவில் ஏற்றி என் வீட்டுக்கு அனுப்பியதும் அவர்தான். ஆனால் பெற்ற பாசம் பொல்லாதது. கூடத்தில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி பேசினார்.

“மீனா, அவனை உள்ள வச்சிட்டா எனக்கு யாரும்மா கொள்ளி போடுவா? நீ அங்கிட்டு வர வேணாம். அவனோட வாழவும் வேணாம். கேஸை மட்டும் வாபஸ் வாங்கிரு தாயி.”

“அத்தை, அது மட்டும் கேக்காதீங்க,” என்றாள் மீனா.

“உன் காலப் பிடிச்சுக் கேக்குறேன்” என்று சொல்லிக்கொண்டே அவர் குனிந்துவிட்டார்.

வயதில் மூத்தவர் இளையவள் காலில் விழுந்தால் நம் வீடுகளில் என்ன ஆகும்? எல்லோரும் பதறி ஓடி வருவார்கள். நானும் ஓடினேன். மீனாவும் பதறினாள். “ஐயோ, எந்திரிங்க அத்தை, நீங்க போயி...” என்று அவள் வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் முழங்கால் மேலே போய் அந்த அம்மாள் முகத்தைச் சந்தித்தது. முழங்கை கீழே இறங்கிப் பிடரியில் விழுந்தது. ஒரு முறை இல்லை. கவிழ்ந்தவர் மல்லாந்தால்தானே கடிவாளம் பிடிக்கும்? அவர் மல்லாந்து விழவில்லை. “எந்திரிங்க அத்தை, எந்திரிங்க அத்தை” என்று மீனா கதறுகிறாள், கை பாட்டுக்கு இறங்குகிறது. நான் பாய்ந்து அந்த அம்மாளைப் புரட்டிப் போட்ட பிறகுதான் நின்றது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மீனாவைப் போலீஸ்காரர்கள் அன்றே கூட்டிப் போனார்கள். நான் நேராக ஃபெலிக்ஸிடம் போய் அவன் சட்டையைப் பிடித்தேன்.

“அந்தத் தீவுல சிப்பாய்ங்க கத்தியை பூட்ஸுலதான் சொருகி வச்சிருப்பாங்கக்கா,” என்றான். “எதிராளி கை முழங்காலுக்குக் கீழ போச்சுன்னா கத்தியை உருவப் போறான்னு அர்த்தம். எடுக்குறதுக்கு முந்தி முடிச்சிரணும். அவங்க ஊர்ல ஒருத்தர் கால்ல ஒருத்தர் விழுற பழக்கமே இல்ல.”

“நம்ம ஊர்ல இருக்கேடா!”

“தெரியும். கழுத்தைப் பிடிச்சுப் பாத்தோம், முடியைப் பிடிச்சுப் பாத்தோம், துப்பட்டாவை இழுத்துப் பாத்தோம். ஒருத்தரும் கால்ல விழுந்து பாக்கல. நீங்களே சொல்லுங்க, அடிக்க வர்றவங்க எதுக்குக்கா கால்ல விழுவாங்க?”

அவன் சட்டையை விட்டேன். அன்றைக்கு எனக்கும் பதில் தெரியவில்லை.

பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. நீதிபதி மீனாவுக்கு ஜாமீன் கொடுத்தார். அவள் வேண்டுமென்று செய்யவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. ஆனால் தீவு ஏறிய ஒருவர் விடாமல் எல்லோருக்கும் திருத்தம் போட வேண்டும், இனி திருத்தமில்லாமல் விற்கவே கூடாது என்றும் உத்தரவு போட்டார். எங்கள் எம்.டி. முதல் நாள் அழுதார். மறுநாள் கணக்குப் போட்டுப் பார்த்துத் தெளிந்துவிட்டார். அந்த மாதம் முழுக்க எங்கள் ஆபீசைப் பார்த்திருக்க வேண்டும். திரும்பிய பக்கமெல்லாம் யாராவது யார் காலிலாவது விழுந்துகொண்டிருந்தார்கள். நெடுஞ்சாண்கிடையாக, மண்டியிட்டு, பாதம் தொட்டுக் கண்ணில் ஒற்றி, ஒரு கையால் மட்டும் அவசரக் கும்பிடு. கட்சி மாநாடு தோற்றது. கடைசியில் திருத்தம் தயாரானது. யாராவது காலில் விழுந்தால் போட்டிருப்பவரின் கைகள் இரண்டும் தொங்கிவிடும், முழங்கால் விறைத்துக்கொள்ளும். விழுந்தவர் எழுந்து நிற்கும் வரை எதுவும் மேலே வராது. பஸ் ஸ்டாப் தவறாமல் விளம்பரம் வைத்தார்கள்: ‘வீரமும் தெரியும், பண்பும் தெரியும்.’ படத்தில் ஒரு பெண், கையைத் தொங்கவிட்டுப் புன்னகையோடு நிற்கிறாள், காலடியில் ஒரு பாட்டி. விற்பனை பிய்த்துக்கொண்டு போனது.

மீனாவுக்குத் திருத்தம் போட வேண்டாமென்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். வக்கீலைப் பார்த்துத் தடை வாங்கலாம் என்றேன்.

“அந்தக் கதிரேசன் எத்தனை தடவைடி உன் கால்ல விழுந்திருக்கான்?”

“அடிச்ச அன்னிக்கெல்லாம் விழுவாரு,” என்றாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அழுவாரு. காலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, இனிமே தொட மாட்டேன்னு சொல்லுவாரு. நான் சரின்னதும் எந்திரிப்பாரு. பெறகு ரெண்டு நாளைக்குப் பூ வாங்கிட்டு வருவாரு.”

“அப்ப அந்தத் தீவுக்காரன் சொன்னது சரிதான? அவன் குனிஞ்சா கத்திதான் எடுக்கப் போறான். உன் அத்தைக்குத்தான் அது தப்பாப் போச்சு. அவனுக்கு அது ரொம்பச் சரி. உன்னைக் காப்பாத்துறதே அது ஒண்ணுதாண்டி.”

“அக்கா, எனக்குச் சோறு ஊட்டி விட்டவங்களை இந்தக் கையால கொன்னுருக்கேன்.” அவள் கையை என் முன்னால் நீட்டினாள். யாருடைய கையையோ காட்டுகிற மாதிரி நீட்டினாள். “பக்கத்து வீட்டுப் பாப்பா செருப்பு மாட்ட என் முன்னாடி குனியுது, நான் ரூமுக்குள்ள ஓடிர்றேன். எனக்குத் திருத்தம் வேணும். கோர்ட்டு சொல்லாட்டியும் வேணும்.”

அதற்கு மேல் நான் என்ன பேச? போட்டுவிட்டார்கள். அன்று ராத்திரிதான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

கார்த்திகையில் தோசைக்கல் வழக்கு விசாரணைக்கு வந்தது. கோர்ட்டில் நல்ல கூட்டம். மீனாவைத் தூணோரமாக நிற்க வைத்துவிட்டு நான் வக்கீலிடம் பேசப் போனேன். தள்ளி அல்ல, கூப்பிடு தூரம்தான். திரும்பிப் பார்த்தால் கதிரேசன் அவள் முன்னால் நிற்கிறான். மொட்டைத் தலை, தாடி, கண்ணெல்லாம் சிவப்பு.

“எங்கம்மா போயிட்டாங்க மீனா,” என்று ஊருக்கே கேட்கும்படி அழுதான். “உன் மேல எனக்குக் கோவம் இல்ல. எல்லாம் நான் செஞ்ச பாவம். என்னைய மன்னிச்சிரு.” சொல்லிவிட்டுத் தடாலென்று அவள் காலில் விழுந்தான்.

நான் கத்திக்கொண்டு ஓடினேன். கூட்டம் விடவில்லை. ஒரு அம்மாள் என் கையைப் பிடித்து நிறுத்தினார். “இரும்மா, புருஷன் பொண்டாட்டி விசயம். மன்னிப்புத்தான கேக்குறாரு, அடிக்கவா செய்யுறாரு?” என்றார். எல்லோரும் மரியாதையாகப் பின்வாங்கி இடம் விட்டார்கள். போனில் படம் பிடித்தார்கள். பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரருக்குக்கூடக் கண் கலங்கிவிட்டது. “மன்னிச்சிரு தாயி, மனசு எறங்கு” என்று பின்னாலிருந்து ஒரு கிழவி சொன்னாள்.

மீனா மட்டும் என்னைப் பார்த்தாள். “அக்கா,” என்றாள், “கை எந்திரிக்க மாட்டேங்குதுக்கா.”

அவன் அவளுடைய இரண்டு கணுக்கால்களையும் சேர்த்துப் பிடித்தான். ஒன்று அவனே உடைத்து, சரியாகக் கூடாத கணுக்கால். “மன்னிச்சிட்டேன்னு சொல்லு மீனா” என்று கேவிக்கொண்டே இழுத்தான். பின்னால் கருங்கல் படிகள். விழும்போது யாராக இருந்தாலும் கையை ஊன்றுவோம், குழந்தைகூட ஊன்றும். அவள் ஊன்றவில்லை. அவன்தான் இன்னும் எழுந்திருக்கவில்லையே. அப்படியே விறைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

கொலை என்று சொன்னவள் நான் ஒருத்திதான். காலில் விழுந்து கதறியவன் கொன்றான் என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்? அத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள், படமும் இருக்கிறது. துக்கம் தாங்காமல் காலைக் கட்டிக்கொண்டான், ஏற்கெனவே பலவீனமான கால், இடறிவிட்டது, விபத்து. முடித்துவிட்டார்கள். ‘திருத்தம் எந்தப் பிழையுமில்லாமல் வேலை செய்தது’ என்று எங்கள் கம்பெனியும் அறிக்கை கொடுத்தது. உண்மைதான், பிழையே இல்லை. கோர்ட் வாசலில் மண்ணை அள்ளி வீசி, “உன்னை என் கையால கொல்லாம விட மாட்டேன்டா” என்று நான் கத்தியதும் அந்தப் படத்தில் பதிவாகியிருக்கிறது.

வேலையை விட்டுவிட்டாயா என்று கேட்கிறார்கள். விடவில்லை. யார் யாரோ வந்து கற்றுக்கொள்கிறார்கள், நான் அடி வாங்குகிறேன். வாங்குகிற நேரத்தில் மட்டும் கொஞ்சம் நிம்மதி.

மாசி மாதம் ஃபெலிக்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“அக்கா, கதிரேசன் வந்திருந்தாரு. உங்களால உயிருக்கு ஆபத்துன்னு சொல்லி, தற்காப்புக்குத் தீவு ஏத்திக்க வந்திருந்தாரு. ஏத்தியாச்சு. எம்.டி. உங்ககிட்டச் சொல்ல வேணாம்னாரு. எனக்கு மனசு கேக்கல. இனிமே நீங்க அவரு பக்கத்துலயே போகாதீங்க. நீங்க கையை ஓங்குனா நீங்கதான் சாவீங்க.”

“திருத்தத்தோடவா?” என்று கேட்டேன்.

“திருத்தம் இல்லாமக் குடுங்கன்னு ரொம்ப மல்லுக்கட்டுனாரு. சட்டப்படி முடியாதுன்னுட்டோம்.”

“அப்புறம்?”

“யோசிச்சாரு. அப்புறம் சிரிச்சாரு. ‘பரவால்ல போடுங்க. அந்தத் திமிரு பிடிச்சவளா என் கால்ல விழப் போறா? செத்தாலும் விழ மாட்டா’ன்னுட்டுத் தலையைக் குனிஞ்சு பிடரியைக் காட்டுனாரு.”

என்னை அவனுக்கு நன்றாகத் தெரியும். மீனா கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு முறையாக ஒரு வணக்கம்கூட வைக்காதவள் நான். இத்தனை வருஷத்தில் அவனை ஒரு தடவை வாங்க போங்க என்று கூப்பிட்டதில்லை.

அவசரப்படவில்லை. நன்றாக ஊறட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனி பிறந்தது. வருகிற வெள்ளிக்கிழமை ராஜாத்தி அத்தைக்கு வருஷத் திதி. நேற்று மத்தியானம் சாப்பாட்டு வேளையில் கதிரேசனுக்குப் போன் போட்டேன்.

“மாப்பிள்ளை,” என்றேன். “நான் மீனாவோட அக்கா பேசுறேன். அத்தைக்கு எங்க வீட்டுல வச்சு நடந்தது நடந்துபோச்சு. எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது. திதிக்கு வந்து உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும். வரலாமா?”

அவன் குரலில் ஒரு குளிர்ச்சி வந்தது. ஊருக்கு முன்னால் என்னைக் குனிய வைக்கிற ஆசை அவனுக்குக் கல்யாணப் பந்தலிலிருந்தே உண்டு.

“வாங்க மதினி,” என்றான். “ஆனா வீட்டுக்குள்ள இல்ல. வாசப்படியில, சொந்தபந்தம் எல்லாரும் நிக்கும்போது. ஊரு பாக்கட்டும்.”

“சரிங்க மாப்பிள்ளை,” என்றேன். “எல்லாரையும் வரச் சொல்லுங்க.”